ஐடியா ஓகே... கணக்கு ஓகேவா? வேலையை விடும் முன் போட வேண்டிய 6 கணக்குகள்

"மச்சி, ஊர்ல மரச்செக்கு எண்ணெய் யூனிட் போடலாம்னு இருக்கேன். பத்து லட்சம் ஆகும். மூணு லட்சம் கையில இருக்கு, மீதி பேங்க் லோன். ரிப்போர்ட் ஆடிட்டர் ஆபீஸ்ல போட்டுத் தந்துடுவாங்க. என்ன சொல்ற?"

இப்படி ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் வராத நண்பர் வட்டமே இன்று இருக்காது. செக்கு எண்ணெய் இல்லையென்றால் மில்லட் ஸ்நாக்ஸ், அதுவும் இல்லையென்றால் டீக்கடை ஃபிரான்சைஸ், கோழிப்பண்ணை, கிளவுட் கிச்சன். ஐடியாவுக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து வருடச் சேமிப்பை, சில சமயம் அப்பாவின் பி.எஃப். பணத்தையும் சேர்த்து, அதில் இறக்கலாமா என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் சொல்ல எம்.பி.ஏ. வேண்டாம். ஒரு பேப்பர், ஒரு கால்குலேட்டர், கொஞ்சம் நேர்மை போதும். அந்தச் செக்கு எண்ணெய் யூனிட்டையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு ரிப்போர்ட், இரண்டு வேலை

லோன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பது திட்ட அறிக்கை, அதாவது புராஜெக்ட் ரிப்போர்ட். நம் ஊரில் இது பெரும்பாலும் தலைகீழாகத் தயாராகிறது. எவ்வளவு லோன் வேண்டும் என்பது முதலில் முடிவாகிவிடும். அந்தத் தொகை கிடைக்கிற மாதிரி விற்பனையும் லாபமும் பின்னால் நிரப்பப்படும். முதல் வருடம் 60 சதவீத உற்பத்தி, இரண்டாம் வருடம் 70, மூன்றாம் வருடம் 80 என்று அழகாக ஏறும்.

இதைத் தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அது லோன் வாங்க எழுதப்படும் ரிப்போர்ட். ஆனால் தொழிலைத் தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அதையே நம்பினால் சிக்கல்தான். 'முடியும்' என்ற பதிலை வைத்துக்கொண்டு எழுதியது அது. நமக்காகப் போடும் கணக்கு, 'எங்கே உடையும்?' என்ற கேள்வியில் தொடங்க வேண்டும்.

நம் உதாரண நாயகர் சென்னையில் மாதம் 45,000 ரூபாய் சம்பளம் வாங்குபவர். சொந்த ஊர், நிலக்கடலை விளையும் திருவண்ணாமலை மாவட்டம். ஊர்க்காரர்கள் மல்லாட்டை என்பார்கள். கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்கு புரிவதற்கான மாதிரி எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கு 1: ஒரு லிட்டர் விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடுக்க சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு தேவை. கிலோ 120 ரூபாய் என்றால் 300 ரூபாய். மிச்சமாகும் புண்ணாக்கை மாட்டுத் தீவனமாக விற்கலாம். 1.4 கிலோ, கிலோ 40 ரூபாய் என்றால் 56 ரூபாய் திரும்பி வரும். ஆக, மூலப்பொருள் செலவு 244 ரூபாய். பாட்டில், லேபிள், கரன்ட் எல்லாம் சேர்த்து 16 ரூபாய். மொத்தம் 260.

ஜிஎஸ்டி நீங்கலாக 320 ரூபாய்க்கு விற்றால், லிட்டருக்கு 60 ரூபாய் நிற்கும். வாடகை, சம்பளம், கடன் தவணை எல்லாவற்றையும் இந்த 60 ரூபாய்தான் சுமக்க வேண்டும்.

எந்தத் தொழிலானாலும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ஒரு டீக்கு எவ்வளவு, ஒரு பார்சலுக்கு எவ்வளவு, ஒரு ஸ்டூடண்ட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். இங்கேயே ஒன்றும் நிற்கவில்லை என்றால் அடுத்த ஐந்து கணக்கும் தேவையில்லை. நஷ்டத்தில் விற்பதை அதிகமாக விற்றால் நஷ்டம்தான் அதிகமாகும்.

கணக்கு 2: மாதம் எத்தனை லிட்டர் விற்றால் கையைக் கடிக்காது?

விற்றாலும் விற்காவிட்டாலும் மாதா மாதம் கொடுத்தே ஆக வேண்டிய செலவுகளை எழுதுவோம். வாடகை 12,000. இரண்டு ஆட்களுக்குச் சம்பளம் 30,000. டெலிவரி பெட்ரோல் 5,000. ரிப்பேர், கணக்கு வழக்கு 3,000. மொத்தம் 50,000 ரூபாய்.

7 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டி, 5 வருடத் தவணை என்றால் இஎம்ஐ சுமார் 15,200 ரூபாய். இத்துடன் பலரும் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு: உங்கள் சம்பளம். 'ஆரம்பத்துல நான் எதுவும் எடுத்துக்க மாட்டேன்' என்று சொல்வது எளிது. வீட்டு வாடகையும் மளிகையும் காத்திருக்காது. குறைந்தபட்சம் 30,000 என்று வைப்போம்.

மொத்தம் 95,200. இதை 60-ஆல் வகுத்தால் சுமார் 1,587 லிட்டர். இதுதான் பிரேக் ஈவன், அதாவது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் முதலுக்கு மோசம் வராத புள்ளி.

1,587 என்பது பேப்பரில் வெறும் எண். அதை மனிதர்களாக மாற்றிப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் என்றால் சுமார் 800 வீடுகள். ஒரு மாதம் வாங்கிவிட்டுப் போகிறவர்களை இதில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு மாதமும் தவறாமல் வாங்கும் 800 வீடுகள் வேண்டும். உங்கள் போன் கான்டாக்ட்டில் அப்படி எத்தனை பேர் தேறுவார்கள்?

கணக்கு 3: யார் மூலமாக விற்பது?

'நேரா 800 வீடு கஷ்டம், பாதியைக் கடைக்குப் போட்டுடலாம்' என்று அடுத்த யோசனை வரும். நியாயமான யோசனைதான். ஆனால் கடைக்காரருக்கும் லாபம் வேண்டுமே? அவருக்கு 280 ரூபாய்க்குக் கொடுத்தால், நமக்கு லிட்டருக்கு நிற்பது 60 ரூபாய் இல்லை, வெறும் 20 ரூபாய்.

பாதி நேரடி விற்பனை, பாதி கடை என்றால் சராசரி லிட்டருக்கு 40 ரூபாய். இப்போது பிரேக் ஈவன் 2,380 லிட்டர். அவர் வாங்க நினைக்கும் இரண்டு செக்குகளும் சேர்ந்து ஒரு நாளில் ஆட்டுவது 200 கிலோ, அதாவது 80 லிட்டர். 26 நாள் ஓடினால் 2,080 லிட்டர்.

மெஷின் ஒரு நாள்கூட ரிப்பேர் ஆகாமல் முழு மூச்சில் ஓடி, அத்தனையும் விற்றுத் தீர்ந்தாலும் நஷ்டம் என்று அர்த்தம். ஆர்டர் குவியும், கடை அலமாரியில் உங்கள் பெயர் போட்ட பாட்டில் இருக்கும், இன்ஸ்டாகிராமில் லைக்ஸும் வரும். பேங்க் அக்கவுன்ட் மட்டும் மாதா மாதம் கரையும்.

கணக்கு 4: நினைத்தபடி நடக்காவிட்டால்?

நிலக்கடலை விலை விளைச்சலையும் மழையையும் பொறுத்து ஏறி இறங்கும். 120 ரூபாய் பருப்பு 10 சதவீதம் மட்டும் ஏறி 132 ஆகிறது என்று வைப்போம். ஒரு லிட்டருக்கு இரண்டரை கிலோ என்பதால் செலவு 30 ரூபாய் கூடும். நமக்கு நின்ற 60 ரூபாய் பாதியாகி 30 ஆகிவிடும்.

மூலப்பொருள் விலை 10 சதவீதம் ஏறினால், கையில் நிற்பது 50 சதவீதம் குறைகிறது. அதே 1,587 லிட்டரை விற்றாலும் வருவது சுமார் 47,600 ரூபாய். வாடகை, ஆள் சம்பளம், பெட்ரோலுக்கே அது பத்தாது. இஎம்ஐயும் உங்கள் சம்பளமும் அந்தரத்தில் நிற்கும்.

விலையை 350 ஆக ஏற்றலாமே? ஏற்றலாம். அப்போது அந்த 800 வீட்டில் எத்தனை பேர் ரீஃபைண்டு ஆயில் பாக்கெட்டுக்குத் திரும்புவார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு சென்சிடிவிட்டி அனாலிசிஸ் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் முறை. விற்பனை 20 சதவீதம் குறைந்தால்? வாடகை கூடினால்? தொடங்கவே ஆறு மாதம் தாமதமானால்? எந்த எண் கொஞ்சம் அசைந்தாலும் மொத்தத் திட்டமும் ஆடுகிறதோ, அதைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். செக்கு எண்ணெயில் அது கடலை விலை. கிளவுட் கிச்சனில் டெலிவரி ஆப் கமிஷன். கோழிப்பண்ணையில் தீவன விலை.

கணக்கு 5: எழுத மறந்த பணம்

10 லட்சத்தில் என்னென்ன இருக்கிறது? செக்கு, ஃபில்டர், வயரிங், அட்வான்ஸ். நிலக்கடலை எங்கே?

மாதம் 1,587 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 4,000 கிலோ பருப்பு வேண்டும். அது மட்டுமே சுமார் 4.75 லட்சம் ரூபாய். எண்ணெய் விற்றுப் பணம் கைக்கு வரும் முன்பே இதைக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் 30 நாள் கடன் சொன்னால் தேவை இன்னும் கூடும். நடைமுறை மூலதனம், வொர்க்கிங் கேப்பிட்டல் என்பது இதுதான். நல்லாப் போய்க்கிட்டிருந்த கடை திடீரென்று மூடுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. லாபம் புத்தகத்தில் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது.

ஆக, 10 லட்சம் திட்டம் உண்மையில் 14.75 லட்சம் திட்டம். அந்த 4.75 லட்சத்தையும் 11 சதவீதத்துக்குக் கடனாக எடுத்தால் மாத வட்டி மட்டும் சுமார் 4,350 ரூபாய். அதை அடைக்க இன்னும் 73 லிட்டர் விற்க வேண்டும்.

'மானியம் வருமே?' நல்ல கேள்வி. மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கான உச்சவரம்பு 2022-ல் 25 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. தமிழக அரசின் நீட்ஸ் திட்டமும் படித்த இளைஞர்களுக்கு 25 சதவீத முதலீட்டு மானியம் தருகிறது. அந்தந்த நேரத்து விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

ஆனால் ஒரு விஷயம். பிஎம்இஜிபி மானியம் உடனே கைக்கு வரும் பணம் அல்ல. வங்கியில் டெபாசிட்டாக 3 வருடம் பூட்டி வைக்கப்பட்டு, தொழில் நடப்பது உறுதியான பிறகே கடனில் கழிக்கப்படும். முதல் வருடம் கடலை வாங்க அது உதவாது. மானியம் இல்லாவிட்டால் நிற்காத தொழில், மானியம் வந்தாலும் ரொம்ப நாள் நிற்காது.

கணக்கு 6: போட்ட பணம் எப்போது திரும்பும்?

மாதம் 2,000 லிட்டரை நேரடியாகவே விற்றுவிட்டார் என்று வைப்போம். செலவும் அவர் சம்பளமும் போக, இஎம்ஐக்கு முன் 40,000 ரூபாய் மிஞ்சும். வருடத்துக்கு 4.8 லட்சம். 14.75 லட்சம் திரும்ப 3 வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதுவே 1,700 லிட்டர் என்றால் மாதம் 22,000தான் மிஞ்சும். போட்டது திரும்ப ஐந்தரை வருடம். 300 லிட்டர் வித்தியாசத்தில் இவ்வளவு மாற்றம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஐந்து வருடம் கழித்து வரும் ஒரு லட்சம், இன்றைய ஒரு லட்சத்துக்குச் சமம் இல்லை. 12 சதவீதம் என்று கழித்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 56,700 ரூபாய். வருங்கால வரவுகளை இப்படி இன்றைய மதிப்புக்கு மாற்றி, முதலீட்டைக் கழித்தால் வருவதுதான் என்பிவி எனும் நிகர இன்றைய மதிப்பு. 2,000 லிட்டர் கணக்கில் ஐந்து வருட வரவின் இன்றைய மதிப்பு சுமார் 17.3 லட்சம். முதலீட்டைவிட அதிகம், ஆகவே ஓகே. 1,700 லிட்டர் கணக்கில் அது 9.5 லட்சம்தான். கடைசியில் மிஞ்சும் சரக்கை விற்றதையும் சேர்த்தாலும் 12 லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மாதா மாதம் லாபம் வந்தும் திட்டம் தேறவில்லை.

வங்கி இதை டிஎஸ்சிஆர் என்ற பெயரில் பார்க்கும். தவணை கட்டுவதற்கு முன் மிஞ்சும் பணம், தவணையைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு அது. ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் பொதுவாக வங்கிகளுக்குத் திருப்தி. நம்மவருக்கு அதற்கே மாதம் 1,713 லிட்டர் விற்க வேண்டும்.

கடைசியாக, விட்டுவிட்டு வரும் வேலை. சென்னையில் வாங்கிய அதே 45,000 ரூபாயை ஊரிலும் எடுக்க வேண்டுமானால் 1,837 லிட்டர் விற்க வேண்டும். மெஷின் திறனில் 88 சதவீதம். முதல் மாதத்தில் இருந்தே.

பெரிய கம்பெனிகளுக்கே சறுக்கியிருக்கிறது

'நாம சின்ன ஆள், பெரிய கம்பெனிங்க இதெல்லாம் சரியாப் பார்த்திருப்பாங்க' என்று தோன்றலாம். மோட்டோரோலா ஆதரவுடன் உருவான இரிடியம் சாட்டிலைட் போன் நிறுவனத்தைப் பாருங்கள். 66 செயற்கைக்கோள்கள், சுமார் 500 கோடி டாலர் செலவு. 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. 1999 ஆகஸ்டில் திவால் மனு. ஐடியா பிறந்தது 1980-களின் கடைசியில். சேவை வருவதற்குள் சாதாரண செல்போன் ஊரெங்கும் பரவிவிட்டது. சுமார் 3,000 டாலர் கொடுத்து, கட்டடத்துக்குள் சரியாக வேலை செய்யாத கனமான போனை வாங்க ஆள் இல்லை.

கதையின் அடுத்த பாதி அதைவிட முக்கியம். திவாலான அந்தச் சொத்துகளை 2000-ல் வேறொரு குழு சுமார் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே செயற்கைக்கோள்கள், ராணுவம், கப்பல், விமானம் என்று வேறு வாடிக்கையாளர்கள். நிறுவனம் பிழைத்தது. 500 கோடி போட்டால் தேறாத தொழில், 2.5 கோடி போட்டால் தேறியது. ஆகவே, ஐடியா நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது. இந்த விலையில், இந்த அளவில் நல்லதா என்றும் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் டாடா நானோ. குஜராத்தின் சனந்தில் வருடத்துக்கு 2.5 லட்சம் கார் தயாரிக்கும் தொழிற்சாலை. அதிகபட்ச விற்பனை ஆண்டான 2011-12-ல் விற்றது சுமார் 74,500 கார்கள். திறனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2018-ல் உற்பத்தி நின்றது.

10 லட்சத்துக்கு முன் 40 ஆயிரம்

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் இரண்டு எண்கள் ஊகம்தான்: எத்தனை பேர் வாங்குவார்கள், திரும்பத் திரும்ப வாங்குவார்களா? 'நல்ல எண்ணெய் கொடுத்தா வாங்குவீங்களா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டலுக்குக் காசு செலவில்லை. பணம் கொடுத்து வாங்கும் சோதனை வேண்டும்.

வேலையை விடாமலேயே இதைச் செய்யலாம். 250 கிலோ பருப்பு வாங்கி, ஏற்கனவே உரிமத்துடன் செக்கு ஓட்டும் ஒருவரிடம் கூலிக்கு ஆட்டிக்கொள்ளலாம். பருப்பு 30,000 ரூபாய், ஆட்டுக்கூலி, பாட்டில் எல்லாம் சேர்ந்து 40,000-க்குள் முடியும். விற்பனைக்கு என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். கிடைக்கும் 100 லிட்டரை 50 வீடுகளுக்கு விற்கலாம். விற்ற காசிலேயே அடுத்த மாதச் சரக்கு.

கவனிக்க வேண்டியது முதல் மாத விற்பனையை அல்ல. அது நட்புக்காக வாங்கியது. மூன்றாவது மாதமும் எத்தனை வீடு வாங்குகிறது என்று பாருங்கள். '50-ல் 30 வீடாவது நிற்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடுவேன்' என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு முடிவு செய்யலாம் என்று விட்டால், 'இவ்வளவு செஞ்சாச்சு, இனி எப்படி விடறது' என்று மனசு சமாதானம் சொல்லும்.

உண்மையான செலவும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். லிட்டருக்கு இரண்டரை கிலோவுக்குப் பதில் 2.7 கிலோ ஆகிறது என்றால், புண்ணாக்கு வரவு போக 16 ரூபாய் போச்சு. 60 ரூபாய் 44 ஆகிவிடும்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. உளவியலாளர் கேரி கிளைன் 2007-ல் எழுதிப் பிரபலமாக்கிய 'பிரீமார்ட்டம்' முறை அது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, 'ஒரு வருஷம் ஆயிடுச்சு, தொழில் மூடிடுச்சு. ஏன்?' என்று ஆளுக்கொரு காரணம் எழுத வேண்டும். 'நடக்குமா?' என்று கேட்டால் ஊக்கம் தரத்தான் எல்லோருக்கும் தோன்றும். 'ஏன் மூடியது?' என்று கேட்டால், அதுவரை வாய் திறக்காத அம்மாகூட, 'ஐப்பசி மழையில கடலையை எங்கடா காய வைப்ப?' என்று கேட்பார்.

அப்போ, தொடங்கலாமா?

வாய்ஸ் மெசேஜில் சொன்ன வடிவத்தில் வேண்டாம். 10 லட்சம், பாதி கடை விற்பனை, வேலையை விட்டுவிட்டு என்றால் கணக்கு நிற்கவில்லை.

அதே ஐடியாவைச் சின்னதாக்கிப் பார்ப்போம். சொந்த வீட்டின் ஒரு பகுதியில், பழைய செக்கு ஒன்று, மற்ற சாமான்களுடன் 1.5 லட்சத்துக்குள். சரக்குக்கு 1.5 லட்சம். கையில் இருக்கும் 3 லட்சத்தோடு சரி, கடன் இல்லை. ஒரு ஆளுக்கு 15,000, மேற்பார்வை பார்க்கும் அப்பாவுக்கு 8,000, பெட்ரோல், ரிப்பேர் 7,000. மாதம் 30,000 ரூபாய். சென்னை வேலை தொடர்கிறது.

இப்போது பிரேக் ஈவன் 500 லிட்டர். 250 வீடுகள். பாதியைக் கடைக்குப் போட்டால் 750 லிட்டர். நேரடியாகவே விற்று, கடலை விலை 10 சதவீதம் ஏறினாலும் 1,000 லிட்டர். ஒரு செக்கின் திறன் 1,040. எல்லாமே ஒரே நேரத்தில் கெட்டால் இதுவும் தாங்காது. ஆனால் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகத் தாங்குகிறது. மோசமாகப் போனாலும் போவது சேமிப்பு மட்டும்தான். வேலை இருக்கும், கடன் இருக்காது, சிபில் ஸ்கோரும் கெடாது.

கணக்குப் போட்டுப் பார்த்து 'வேண்டாம்' என்று வந்தால் அது தோல்வி அல்ல. மூன்று வருடமும் 15 லட்சமும் மிச்சமான நாள் அது. கணக்கு 'சரி' என்று சொன்னால், ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகலாம். அப்போது அந்த ரிப்போர்ட்டில் வரும் எண்கள் யாரோ நிரப்பியதாக இருக்காது, நீங்களே 50 வீட்டு வாசலில் நின்று தெரிந்துகொண்டதாக இருக்கும்.